பழைய ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் பூட்டு, சுருட்டு, பிரியாணி என்று மூன்றைச் சொல்வார்கள். நாலாவதாகத் துப்பாக்கியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நம் ஊருக்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு 250 வருஷத்துக்கு மேற்பட்டது.

1755-ல் மைசூர் ராஜ்யத்தின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்தார். பிரெஞ்சுக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இங்கே ஓர் ஆயுதச்சாலையை ஏற்படுத்தினார் என்று சரித்திரப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. பின்னாளில் மைசூரையே ஆண்ட மனிதர் பீரங்கி வித்தையைத் தேர்ந்துகொண்டது நம் மலைக்கோட்டை அடிவாரத்தில்தான். 1790-ல் வெள்ளைக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுதும் கம்பெனி கைக்குப் போனது.

அடுத்த பத்து வருஷத்தில் விருப்பாச்சி கோபால் நாயக்கரும் மற்றப் பாளையக்காரர்களும் எழுந்தார்கள். 1801-ல் நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அதே வருஷம் மருது சகோதரர்களும் போனார்கள். எல்லாம் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1-ஆம் தேதி, சென்னை கவர்னர் கிளைவ் (பிளாசி கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டார். தென்சீமைக்காரர்கள் ஈட்டி, துப்பாக்கி எதையும் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும், மீறினால் கடும் தண்டனை என்பது அதன் சாரம். ஒரு ஜில்லா முழுவதும் வீட்டில் இருந்த ஆயுதத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்த காலம் அது.

இவ்வளவு பழைய கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று தொடங்கிய ஒரு விஷயம் இன்றுவரை மாறவில்லை. துப்பாக்கி யாரிடம் இருக்கலாம் என்பது மட்டுமில்லை, அதற்குள் எந்தத் தோட்டா போகலாம் என்பதையும் இந்த நாட்டில் சர்க்கார்தான் முடிவு செய்து வந்திருக்கிறது. வீட்டில் தாத்தா காலத்து ரிவால்வரை வைத்துக்கொண்டு "இதுக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்பவர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருப்பது நல்லது.

நான் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருஷம் ஆயுத லைசென்ஸ் கோப்புகள் என் மேஜையில் இருந்தன. துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால் துப்பாக்கிகளின் ஜாதகம் கொஞ்சம் தெரியும்.

லைசென்ஸ் வந்த கதை

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு ஆயுதம் என்றாலே தூக்கம் போயிற்று. 1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு. இந்தப் பாரபட்சத்தைக் காங்கிரஸ் மகாசபை தொடக்க காலத்திலிருந்தே எதிர்த்து வந்தது.

லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது? ஜமீன்தார், மிட்டாதார், மலைத் தோட்ட முதலாளி, பெரிய வியாபாரி. நம் பக்கத்தில் புகையிலை மண்டிக்காரர்கள், சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பி, வாழை, ஏலம் வைத்திருந்தவர்கள். பணத்தோடு ராத்திரியில் வண்டி கட்டிப் போகிறவர்களுக்குத் திருட்டு பயம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி வாங்கினார்கள். கொஞ்சம் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் ரிவால்வர் வாங்கினார்கள்.

அந்த ரிவால்வர்கள் அநேகமாக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சரக்கு. வெப்ளி என்ற பெயர் பிரசித்தம். பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் .455 வெப்ளியை ஏற்றுக்கொண்டது. நடுவில் மடங்கித் திறக்கும். திறந்த வேகத்தில் காலித் தோட்டாக்களைத் தானே வெளியே தள்ளிவிடும். அதே மாதிரி சிறிதும் பெரிதுமாக .320, .380, .442, .450 என்று பல அளவுகளில் ஜனங்களுக்கும் விற்றார்கள். அப்போது சென்னை, கல்கத்தா கடைகளுக்குத் தோட்டா கப்பலில் வந்துகொண்டிருந்தது. எந்த அளவு வாங்கினாலும் கவலையில்லை. ஐம்பது வருஷம் கழித்து அதே அளவு கிடைக்குமா என்று யார் யோசித்தார்கள்?

போர் என்றால் சண்டை அல்ல

இந்த எண்களைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். துப்பாக்கிக் குழலின் உள்வட்ட அளவைத்தான் 'போர்' என்கிறார்கள். .455 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 455 பங்கு. கிட்டத்தட்ட பதினொன்றரை மில்லிமீட்டர். .32 என்றால் எட்டு மில்லிமீட்டர். 12 போர் என்பதற்குக் கணக்கு வேறு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் குழல்.

தோட்டாவில் நாலு பாகம். பித்தளைக் கேஸ், அடியில் நெருப்புப் பொறி கொடுக்கும் கேப், உள்ளே மருந்து, வாயில் கவ்விப் பிடித்திருக்கும் ஈயக் குண்டு. கேப்பில் ஊசி அடிக்கிறது, மருந்து பற்றுகிறது, புகை அழுத்தம் ஏறுகிறது, குண்டு பிடியை விட்டுக் குழலில் பாய்கிறது. இத்தனையும் கண் இமைப்பதற்குள்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தால் தோட்டாவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாங்காய்ப் பூட்டின் சாவி அதே அளவுள்ள இன்னொரு மாங்காய்ப் பூட்டின் துவாரத்தில் நுழையும். உள்ளே இருக்கும் நெம்புகோல்களைத் தூக்காது. துப்பாக்கியிலும் அதே கதைதான். .380 என்ற பெயரில் விக்டோரியா ராணி காலத்தில் ஒரு தோட்டா இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் .380 என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் வேறு வேறு. அமெரிக்காவின் .38 ஸ்பெஷல் மூன்றாவது. .32-லும் குட்டை, நெட்டை, தானியங்கிப் பிஸ்தோலுக்கானது என்று பல வகை. பூட்டில் சாவி தவறினால் கதவு திறக்காது, அவ்வளவுதான். இங்கே தவறினால் கை போகும். அதுவும் கரிமருந்துக் காலத்தில் செய்த மெல்லிய சிலிண்டருக்குள் புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் சிலிண்டரே வெடிக்கலாம்.

ஆளை நிறுத்தும் குண்டு

சரி, தற்காப்புக்கு எந்தக் குண்டு நல்லது? இந்தக் கேள்விக்கு உலகமே நம் நாட்டை வைத்துத்தான் பரீட்சை பண்ணியது.

வடமேற்கு எல்லைப் பழங்குடிகளோடு நடந்த சண்டைகளில் ராணுவத்தின் புதிய .303 குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது, ஆள் நிற்காமல் ஓடி வருகிறான் என்று சிப்பாய்கள் குறைபட்டார்கள். 1890-களில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பெர்ட்டி-க்ளே என்ற அதிகாரி, மூக்கில் ஈயம் வெளியே தெரியும் குண்டு ஒன்றைத் தயாரித்தார். உடம்பில் பட்டால் காளான் மாதிரி விரியும். உலக அகராதியில் 'டம்டம்' என்ற சொல் ஏறியது அப்படித்தான். அதே யோசனையில் 1898-ல் .455 வெப்ளி ரிவால்வருக்கு மூக்கு குழிந்த ஒரு குண்டு வந்தது. அதன் பட்டப்பெயரே 'ஆளை நிறுத்தி'.

1899-ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடம்புக்குள் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தன. ஆளை நிறுத்திக் குண்டும் சீக்கிரமே ராணுவத்திலிருந்து வாபஸ் ஆனது. பிறகு .380 ராணுவ ரிவால்வருக்கு 200 கிரெயின், அதாவது 13 கிராம் எடையுள்ள மழுங்கிய ஈயக் குண்டைத் தேர்ந்தார்கள். வேகம் குறைவு, எடை அதிகம். ஆளை நிறுத்தும் என்று நம்பினார்கள். இரண்டாம் உலகப் போர் நெருங்கும்போது ஹேக் பிரகடனத்தை யோசித்து, அதையும் மாற்றி 178 கிரெயினில் உலோக உறை போட்ட குண்டு ஆக்கிவிட்டார்கள்.

ஆக, பெரிய பெரிய சேனாதிபதிகளே முப்பது நாற்பது வருஷம் குழம்பிய விஷயம் இது. பழைய .455 குண்டு 265 கிரெயின், 17 கிராம். இன்றைக்கு இந்தியாவில் சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்கும் .32 குண்டு ஆறு கிராமுக்குச் சற்று மேல். மூன்றில் ஒரு பங்கு எடை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். குண்டின் குணத்தைப் பார்த்து யாரும் .32-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. அது எப்படி வந்தது என்று அடுத்துச் சொல்கிறேன்.

சட்டம் தேர்ந்தெடுத்த தோட்டா

வெள்ளைக்காரனுக்கு ஒரு பயம் எப்போதும் இருந்தது. ராணுவக் கிடங்கிலிருந்து திருடும் தோட்டா கலகக்காரன் துப்பாக்கியில் பொருந்திவிட்டால்? 1907 வாக்கில் .450 தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளின் அளவு அது. லண்டன் கம்பெனிகள் சளைக்கவில்லை. தடையைத் தாண்ட .465, .470 என்று புதுப் புது அளவுகளை உண்டாக்கி, இங்கே யானை, காட்டெருமை வேட்டைக்கு வந்த துரைகளிடம் விற்றன. சந்தையில் அபூர்வ அளவுகள் பெருகியதற்கு அந்தத் தடை ஒரு பெரிய காரணம்.

போலீசுக்கும் இதே வைத்தியம். .303 ராணுவத் துப்பாக்கியின் உருவத்தை வைத்துக்கொண்டு, .410 என்ற வேறு தோட்டாவுக்கு மாற்றி, போலீசுக்கும் காவல்காரர்களுக்கும் கொடுத்தார்கள். பார்க்க ராணுவத் துப்பாக்கி மாதிரி இருக்கும். ராணுவத் தோட்டா அதில் ஏறாது.

தோட்டாவின் அருமை என்ன என்பது மறுபக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கைப் புரட்சிக்காரர்கள் கடத்தினார்களே, அதில் மவுசர் பிஸ்தோல் 50, தோட்டா 46,000. வங்காளத்தில் பல வருஷம் நடந்த தாக்குதல்களில் அந்தப் பிஸ்தோல்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. வெறும் ஐம்பது பிஸ்தோல் மட்டும் கிடைத்திருந்தால், மவுசருக்கு வேண்டிய விசேஷத் தோட்டாவுக்கு அவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பயம் மாறவில்லை. 1959-ல் புது ஆயுதச் சட்டம் வந்தது. 1962 அக்டோபரில் அதுவும் அதன் விதிகளும் அமலாயின. அதில் 'தடை செய்யப்பட்ட போர்', 'தடை செய்யப்படாத போர்' என்று இரண்டு ஜாதி. .303 ரைபிள், .410 மஸ்கட், .380 அல்லது .455 தோட்டா ஏறக்கூடிய ரிவால்வர், ராணுவ 9 மில்லிமீட்டர் பிஸ்தோல் எல்லாம் தடைப் பட்டியலில். காரணம் அதேதான்: ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் தோட்டா வெளியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது.

மீந்தது என்ன? ரிவால்வரில் .32. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1896-ல் கொண்டுவந்த தோட்டா அது. நம் ராணுவம் அதைச் சீண்டவில்லை; அதனால் ஜனங்களுக்கு அனுமதி. புனே பக்கம் கிர்க்கியில் 1869-ல் ஏற்பட்ட தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. 12 போர் வைத்திருந்தவர்களுக்கு அங்கே தயாரான கே.எஃப். தோட்டா பரிச்சயமானது. சர்க்கார் தொழிற்சாலைகளில் .32 தோட்டாவும் தயாரானது. கான்பூர் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்தது. 2014-ல் பெண்களுக்கு என்று சொல்லி 'நிர்பீக்' என்று சுமார் 500 கிராம் எடையில் ஒன்று விட்டார்களே, அதுவும் .32 தான். 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி சாதாரண ஜனங்களுக்கு நின்றுபோனது. அதோடு .320, .442, .450 வைத்திருந்தவர்கள் கதி அதோகதி. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கும், தோட்டா இருக்காது.

மேஜைக்கு வந்த கேள்வி

1985 செப்டம்பர் 15-ல்தான் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. அதுவரை நம் ஆட்கள் லைசென்ஸ் புதுப்பிக்க மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போவார்கள். மாவட்டம் பிரிந்தபோது கோப்புகளும் பிரிந்து வந்தன. அந்தப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஒரு சமூகத்தின் சரித்திரமே அதில் தெரிந்தது. ஒவ்வொரு லைசென்ஸிலும் துப்பாக்கியின் வகை, நம்பர், எந்த எல்லைக்குள் செல்லும் என்று இருக்கும். அதோடு ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்றும் இருக்கும். துப்பாக்கிக் கடையில் வாங்கிய தேதியும் எண்ணிக்கையும் அதே புத்தகத்தில் ஏறும்.

12 போர் லைசென்ஸ்களில் தீபாவளி, பொங்கல் கணக்காகக் கொள்முதல் பதிவு இருக்கும். காட்டுப்பன்றி, மயில், குரங்குத் தொல்லைக்கு வெற்று வெடி போட்டு விரட்டுவார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் பழைய ரிவால்வர் லைசென்ஸ்களில் தோட்டாப் பக்கம் பல வருஷமாக வெள்ளையாகவே இருக்கும்.

வேடசந்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் புதுப்பிக்க வருவார். தகப்பனார் வாங்கிய பழைய சீமை ரிவால்வர். அபூர்வமான அளவு. கடைசியாகத் தோட்டா வாங்கிய பதிவு எனக்கு மீசை முளைப்பதற்கு முந்தையது. ஒருநாள் கேட்டார்: "தம்பி, பதினோரு தோட்டா இருக்கு. ஆத்திர அவசரத்துக்கு அது போதும்ல? இல்ல, வேற அளவு ஏதாவது இதுல போடலாமா?"

பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற ஆயுதப்படை ஹவில்தார் ஒருவர் நான் வாயைத் திறக்குமுன் பதில் சொன்னார். "ஐயா, அந்தப் பதினொண்ணுல எது வெடிக்கும், எது வெடிக்காதுன்னு உங்களுக்கும் தெரியாது, திருடனுக்கும் தெரியாது. வேற அளவைப் போட்டீங்கன்னா, திருடனை விட உங்களுக்குத்தான் ஆபத்து."

பெரியவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் ஹவில்தார் சொன்னது எத்தனை உண்மை என்பதற்குத் தமிழ்நாடு முழுக்க அறிந்த சாட்சி ஒன்று உண்டு.

ராமாவரம் தோட்டத்தில் பழைய தோட்டா

1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். வீட்டுக்கு எம்.ஆர்.ராதாவும் ஒரு படத் தயாரிப்பாளரும் போனார்கள். பேச்சு நடுவில் சத்தம். எம்.ஜி.ஆரின் காதோரம் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் ரேடியோப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடியது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

அவ்வளவு பக்கத்திலிருந்து சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். எப்படி? வழக்கில் தடயவியல் நிபுணராக இருந்த பி.சந்திரசேகரன் அதற்குச் சொன்ன விளக்கம் தோட்டாவின் வயதைப் பற்றியது. (பின்னாளில் ராஜீவ் காந்தி கொலையில் மனித வெடிகுண்டைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இவரே.) ராதாவிடம் இருந்த தோட்டாக்கள் வாங்கிப் பல வருஷம் ஆனவை. சும்மா கிடந்து உருண்டதில் ஈயக் குண்டைக் கேஸ் கவ்வியிருந்த பிடி தளர்ந்துவிட்டது. பிடி தளர்ந்தால், மருந்து முழு அழுத்தத்துக்கு வருமுன் குண்டு நழுவிக் கிளம்பிவிடும். சத்தம் வரும், புகை வரும், வேகம் வராது. உயிரைக் குடிக்க வேண்டிய குண்டு கழுத்தோடு நின்றுவிட்டது.

அடுத்த மாதம் பொதுத் தேர்தல். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அவர் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை.

அந்தக் குரல் திண்டுக்கல்லுக்கு வந்தது 1973-ல். 1972 அக்டோபரில் புதுக் கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மே 20-ல் நம் பாராளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றார். ஆளும் கட்சி மூன்றாவது இடத்துக்குப் போனது. அ.தி.மு.க.வுக்கு முதல் வெற்றி திண்டுக்கல் மண்ணில். ராத்திரி எத்தனை மணியானாலும் தெருவில் காத்துக்கிடந்து அந்தக் கம்மிய, நைந்த குரலைக் கேட்ட ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சுட்டவர் கையில் புதுத் தோட்டா இருந்திருந்தால் அந்தக் குரல் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை. தமிழ்நாட்டு அரசியலே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

எதிராளிக்கு அதிர்ஷ்டமான அந்தப் பழைய தோட்டாதான், தற்காப்புக்கு வைத்திருப்பவனுக்குத் துரதிர்ஷ்டம். இரண்டும் ஒரே தோட்டா.

தோட்டா எப்படிச் சாகும்

துப்பாக்கி இரும்பு. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் நூறு வருஷம் நிற்கும். தோட்டா அப்படியில்லை, அதற்கு ஆயுசு உண்டு. ஹவில்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தோல் பட்டையின் வளையங்களில் தோட்டாவைச் செருகி வைப்பது அழகுதான். தோலைப் பதப்படுத்திய சரக்கு பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பு ஏற்றும். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் தோட்டாவில் வடிந்தால் கேப்புக்குள் இறங்கி அதைக் குளிர்த்திவிடும். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் தகரப் பெட்டிக்குள் வேகவைத்தால் மருந்து கெடும். மலைத் தோட்டத்து ஈரமும் அதற்கு எமன்.

கெட்ட தோட்டா மூன்று விதமாக ஏமாற்றும். ஒன்று, வெடிக்கவே வெடிக்காது. இரண்டு, ஊசி அடித்துச் சற்று நேரம் கழித்து வெடிக்கும். அதற்குள் அவசரப்பட்டுத் திறந்தவன் முகத்தில் வெடிக்கும். மூன்றாவதுதான் மகா பாதகம். பலமில்லாமல் 'புஸ்' என்று வெடித்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். பளபளவென்று துடைத்து வைத்திருக்கிற தோட்டா நல்ல தோட்டா என்றும் சொல்ல முடியாது. நோய் உள்ளே இருக்கும்.

அப்படியானால் பழைய ரிவால்வருக்கு எந்தத் தோட்டா நல்லது? அதன் குழலிலும் லைசென்ஸிலும் எழுதியுள்ள அதே அளவில், சமீபத்தில் தயாரான, லைசென்ஸ் பெற்ற கடையில் பில்லோடு வாங்கிய தோட்டா. அது ஒன்றுதான் பதில். அந்த அளவில் இப்போது தயாரிப்பு இல்லையென்றால், அந்த ரிவால்வர் தற்காப்புச் சாமான் இல்லை, நினைவுச் சின்னம். உறையைச் செதுக்கிப் போடுவது, பழைய கேஸில் நாட்டு மருந்து அடைப்பது, வேறு அளவை நுழைத்துப் பார்ப்பது எல்லாம் சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம்.

நம் வயதுக்காரர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் இரண்டொருவர் வீட்டிலாவது பீரோவின் உள்ளறையில் ஒரு பழைய துப்பாக்கி இருக்கலாம். தோட்டத்து வீட்டில் கிழவனும் கிழவியும் தனியாக இருக்கிறோம், பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும், இது இருந்தால் ஒரு தைரியம் என்பீர்கள். தைரியம் சரி. காகிதம் சரியாக இருக்கிறதா?

லைசென்ஸ்தாரர் காலமானால் துப்பாக்கி தானாக மகனுக்குப் போய்விடாது. வாரிசு கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை துப்பாக்கியையும் தோட்டாவையும் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். "அப்பா நினைவாக வைத்திருந்தேன்" என்பது கோர்ட்டில் எடுபடாது. தடை செய்யப்பட்ட போர் என்றால் விஷயம் டில்லி உள்துறை வரை போகும், தண்டனையும் அதிகம்.

சாவு வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 2016 ஆயுத விதிகளில் ஒரு நல்ல வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். மகனுக்கு வேண்டாம் என்றால், கடைக்கு முறைப்படி விற்றுவிட்டு லைசென்ஸை ஒப்படைத்துவிடுங்கள்.

வேடசந்தூர்ப் பெரியவர் கடைசியில் அப்படித்தான் செய்தார். ஒரு தேர்தல் சமயம் வழக்கம்போலத் துப்பாக்கியை ஒப்படைக்க வந்தவர், தேர்தல் முடிந்தும் திரும்ப வாங்கவில்லை. "வீட்டுக்கு வெளிச்சமா ரெண்டு விளக்குப் போட்டுட்டேன் தம்பி, நாய் ஒண்ணு வளர்க்கிறேன், பெரிய பூட்டா ஒண்ணு மாட்டிட்டேன்" என்றார். லைசென்ஸ் ரத்தாகி, அந்தப் பதினோரு தோட்டாவும் எண்ணி ரசீது போட்டு உள்ளே போயின.

நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராத்திரி அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கலாம். பழைய தோட்டாவை அப்படி இழுத்துப் பார்க்க முடியாது.